மேலே இரண்டு, கீழே ஒன்று

என் பிரியத்துக்கும் எரிச்சலுக்கும் உரிய மாப்பிள்ளை தனபாலுக்கு,

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. இன்னும் உன் மேல் எனக்குப் பொறாமை தீரவில்லை. செத்தவன் மேல் பொறாமைப்படுகிற ஆளை நீ பார்த்திருக்கிறாயா? இதோ, ஆம்பூரில் ஒருத்தன் இருக்கிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. குடியாத்தத்தில் ஒரு தறிக்காரர் தன் லுங்கிக்கு உன் படக்கதை வீரன் இரும்புத்தோலானின் படத்தை லேபிளாக ஒட்டி விற்கிறார். போன வாரம் அரக்கோணம் ஸ்டேஷனில் டீ குடிக்கும்போது கடைக்காரர் என்னை உற்றுப் பார்த்தார். "நீங்க இரும்புத்தோலான் படம் போட்டவரோட மச்சான்தானே?" என்றார். மச்சான்தான். நாற்பது வயது வரை உழைத்து நான் வாங்கிய பட்டம் அது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு ரயிலேறினேன்.

உன்னைத் திட்டினவர்களையும் நான் மறக்கவில்லை. அப்போதெல்லாம் எனக்கு அவர்கள் மேல்தான் பாசம். வாணியம்பாடியில் ஒரு பையன் இரும்புத்தோலான் மாதிரி துண்டை முதுகில் கட்டிக்கொண்டு கூரையிலிருந்து குதித்துக் காலை முறித்துக்கொண்டான். உடனே ஒரு பள்ளிக்கூடத்தில் உன் புத்தகங்களை மைதானத்தில் குவித்துக் கொளுத்தினார்கள். தோல் பதனிடும் ஷாப்பு முதலாளிகளோ வேறு காரணத்துக்காகக் கொதித்தார்கள். உன் கதையில் வரும் கெட்ட முதலாளிக்கு நீ முகமே வரையவில்லை, முதுகும் குடையும்தான். ஆனாலும் ஒவ்வொருவரும் அது தன்னைத்தான் என்றார். ஒருவர் மழையில்கூடக் குடை பிடிப்பதை விட்டுவிட்டார். "குடைய வேணா மாத்தறேன், கதைய மாத்த மாட்டேன்" என்று நீ சொன்னதாக ஆலங்காயம் வரைக்கும் பேச்சு. கொளுத்தக் கொளுத்த ஜாஸ்தி விற்றது. எனக்கு வயிறு எரிந்தது.

ஏன் எரிந்தது என்று உனக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுதந்திரம் வந்த வருஷம் நீயும் நானும் ஒரே தோல் ஷாப்பில் வேலை. குழியில் இறக்குவதற்கு முன் தோலின் வால் ஓரத்தில் ஓட்டை குத்துவோம். எந்த ஆள் எண்ணி இறக்கிய தோல் என்று தெரிய, ஆளுக்கு ஓர் அடையாளம். சுண்ணாம்பில் ஊறி, ஆவாரம்பட்டையில் ஊறி வந்தாலும் அந்த ஓட்டை மட்டும் அழியாது.

ஒரு நாள் சுண்ணாம்புக் குழி ஓரமாகச் சோறு தின்னும்போது நான்தானே சொன்னேன்? "இதுல விழுந்தவன் ஒண்ணும் ஆவாம எழுந்து வந்தா எப்டி இருக்கும்? கத்திகூட இறங்காத தோலு." நீ கரித்துண்டை எடுத்துத் தரையிலேயே வரைந்தாய், முதுகில் மாட்டுத்தோலைப் போர்த்திய ஒரு ஆளை. ஏழு வருஷம் கழித்து அவன் வேலூரில் வாரப் பத்திரிகையாக வந்தபோது, அட்டையில் 'கதை, சித்திரம்: தனபால்' என்று மட்டும் இருந்தது. அதற்குள் நீ என் தங்கை வள்ளியையும் கட்டியிருந்தாய். நான் ஏன் என்று கேட்கவில்லை. நீயும் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பத்திரிகையை அச்சடிக்கும் அச்சகத்தில் எனக்கு வேலை வாங்கித் தந்ததும் நீதான். அதற்கும் எனக்கு நன்றி வரவில்லை. நீ வரைந்த தாள் நேரே மெட்ராஸுக்குப் போகும்; அங்கிருந்து அச்சடிக்கிற உலோக பிளாக்காக எங்களிடம் வரும். பிளாக்கில் பிசிறோ மைச் சிதறலோ இருந்தால் சின்ன உளியால் சுரண்டி எடுப்பது என் வேலை. உன் பிளாக்கில் எப்போதும் ஒரு குறை இருக்கும். இரும்புத்தோலான் போர்வையின் கீழ் ஓரத்தில் மூன்று புள்ளி. "உங்க பெரிய ஓவியருக்குக் கை சுத்தம் கம்மி, மை சொட்டிகினே இருக்குது பாருங்க" என்று எழுத்துக் கோக்கிறவர்களிடம் காட்டிவிட்டுச் சுரண்டுவேன். வாரா வாரம், ஒன்பது வருஷம். அந்த ஒரு வேலை மட்டும் எனக்கு அலுக்கவே இல்லை.

நீ பாதியில் விட்ட கதையை முடித்துத் தரும்படி பத்திரிகை முதலாளி இப்போது என்னைக் கேட்டிருக்கிறார். என் பெயரையே போடுகிறாராம். காத்திருந்தவன் மாதிரி ஒப்புக்கொண்டேன். உன் பழைய தாள்களைப் பார்த்து வரையலாம் என்று போன ஞாயிறு வள்ளி வீட்டுக்குப் போனேன். அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்து கொடுத்தாள். முதல் தாளில் அந்த மூன்று புள்ளி. அடுத்ததிலும். சொட்டிய மை இல்லை அது. நிதானமாக வரைந்த சின்ன வட்டங்கள். மேலே இரண்டு, கீழே ஒன்று.

தோல் ஷாப்பில் என் அடையாளம். நானே குத்திக் குத்திக் கை காய்த்த அடையாளம்.

"உன்னுதுதானேண்ணா அது?" என்றாள் வள்ளி. "ரெண்டு பேரு போட முடியாதுன்னு முதலாளி சொல்லிட்டாராம். அதான் இப்டி வெச்சாரு. அச்சுல வரலியேன்னு நான்கூட கேட்டேன்."

"அதுக்கு இன்னா சொன்னான்?"

"'உங்கண்ணன் வேணாம்னு எடுத்துட்றான். என் மேல கோவம் இன்னும் தீரல. தீர்ற வரைக்கும் வெச்சிகினே இருப்பேன்'னாரு."

நீ வைத்தாய், நான் சுரண்டினேன். ஒரு வார்த்தை நீ கேட்டிருக்கக் கூடாதா? நான்தான் கேட்டிருக்கக் கூடாதா? வருஷா வருஷம் பொங்கலுக்குப் பக்கத்துப் பக்கத்து இலையில்தானே உட்கார்ந்தோம்? என் பெயரை மறைத்தவன் நீ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உளி என் கையில் இருந்திருக்கிறது.

இப்போது வயிறு இன்னும் ஜாஸ்தி எரிகிறது. படத்தில்தான் என்னை ஜெயித்தாய் என்று இருந்தேன். மனசிலும் ஜெயித்துவிட்டுப் போய்ட்டியே. படமாவது பழகிப் பார்க்கலாம். இதற்கு நான் எங்கே போவேன்?

கதைக்கு இன்னும் நான்கு பக்கம் பாக்கி. நான் வரைந்து முடிக்கிறேன். உன் கை எனக்கு வராது; அந்தக் குடைக்காரன் முதுகுகூடக் கோணலாகத்தான் வருகிறது. பெயர் உன்னுடையது மட்டும்தான், முதலாளியிடம் சொல்லிவிட்டேன். மூன்று புள்ளியும் போர்வை ஓரத்தில் இருக்கும், இந்த முறை அச்சிலும் வரும். அதுவரைக்கும் உளியை வள்ளியிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். என் கையை நான் நம்பவில்லை, மாப்ளே.

உன் பக்கத்து இலையில் உட்கார்ந்து வயிறெரிந்த மச்சான்,
கோவிந்தன்