முகூர்த்தப் புடவைக்குள் வைத்த மனு

நேற்று அரியலூரிலிருந்து வரும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண், பையிலிருந்து தைலத்தை எடுத்துக் கெண்டைக்காலில் தேய்க்க ஆரம்பித்தாள். ஜவுளிக்கடையில் வேலையா என்று கேட்க நினைத்தேன். கடையில் நீ தேய்த்துக்கொள்ளும் அதே தைலம். அந்த வாடைக்கு நீயே பக்கத்தில் இருக்கிற மாதிரி இருந்தது. இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டுக் கண்டக்டரிடம் திட்டு வாங்கினேன். எல்லாம் உன்னால்தான்.

பெரம்பலூர்க் கடையில் கல்யாணப் புடவைப் பிரிவில் நீயும் நானும் ஒரே மேசைக்குப் பின்னால் நின்றோம். ஷட்டரைத் தூக்கியதிலிருந்து இறக்கும்வரை நிற்க வேண்டும். சுவரில் சாய்ந்தால்கூட மேனேஜர் கேமராவில் பார்த்துவிட்டு மேலே ஏறி வருவார். வாங்க வருகிறவர்கள் மெத்தையில் சம்மணம் போட்டுக் காபி குடிப்பார்கள். நாம் நின்றபடி பிரித்துப் பிரித்துப் போடுவோம். உன் காலில் நரம்பெல்லாம் பச்சையாகப் புடைத்துச் சுருண்டிருக்கும். கழிப்பறைக்குள் போய் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வருவாய். "நமக்கு உக்கார கெடச்ச எடத்தப் பாரு புள்ள, இதெல்லாம் ஒரு பொழப்பா" என்று சிரிப்பாய். எனக்குச் சிரிப்பே வராது.

ஒரு நாள் சட்டமன்ற உறுப்பினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வருகிறார்கள் என்று கடையே தடபுடலானது. முந்தின நாள் சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாய். "உன் எழுத்துதான் முத்து முத்தா இருக்கும். எழுது." கடையில் வேலை செய்கிறவர்கள் உட்காருவதற்கு ஒரு சட்டம் வேண்டும் என்று எழுதினேன். "நம்ம கடை பேரு போடாத. இது ஒரு கடை சங்கதி இல்ல" என்றாய். மறுநாள் உறுப்பினர் வீட்டம்மா முகூர்த்தப் புடவையைத் தேர்ந்தெடுக்க அரை நாள் ஆனது. மடித்துப் பெட்டியில் வைக்கும்போது முந்தானைக்குள் அந்தக் காகிதத்தைச் செருகினாய். மூடி அந்த அம்மா கையிலேயே கொடுத்தாய். அடிப்பாவி!

நாலாம் நாள் மேனேஜர் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார். அந்த வீட்டிலிருந்து யாரோ விளையாட்டாகப் போனில் சொல்லியிருக்கிறார்கள். "எவ எழுதுனது?" என்றார். எழுதியது நான். நான் தரையைப் பார்த்தேன். நீ முன்னால் போய், "நான்தான் சார்" என்றாய். மத்தியானமே உன்னை அனுப்பிவிட்டார்கள். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வரேன் புள்ள" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினாய். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். இன்றுவரை அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

நீயோ அதோடு விடவில்லை. ஜெயங்கொண்டம், அரியலூர் என்று கடை கடையாகப் போனாய். உள்ளே பேச விடமாட்டார்கள் என்று, பெண்கள் வீடு திரும்பும் பஸ்ஸில் ஏறிக் கையெழுத்து வாங்கினாய். வெளியூர்களில் இதையே கேட்டுக்கொண்டிருந்த சங்கத்துக்காரர்களோடு சேர்ந்தாய். என் லீவு நாளில் என்னையும் அந்த உறுப்பினரின் ஆபீசுக்கு இழுத்துப்போனாய். மனுவைப் பார்த்ததும் அவர், "எங்க வூட்டுல புடவைக்குள்ள வந்துச்சே, அதுவாம்மா? வூட்டம்மா அதே பேச்சா இருக்கா. நாங்க அத்தன நேரம் உக்காந்திருந்தோம், அந்தப் புள்ள நின்னுகிட்டே இருந்துச்சுங்கறா" என்றார்.

"அம்மா சொன்னத நீங்க சட்டசபையில சொல்லுங்க சார்" என்றாய்.

வெளியே வந்ததும், "சொல்லுவாரா?" என்று கேட்டேன். "சொல்லலன்னா அடுத்த மாசமும் வருவோம். நம்ம மொகத்தப் பாத்துப் பாத்தே அவருக்கு அலுத்துப்போவணும்." இன்ஷா அல்லா, இன்ஷா அல்லா என்று சொல்லிக்கொண்டே மாசம் தவறாமல் போனாய்.

அவர் பேசினாரா, எனக்குத் தெரியாது. உன்னைப்போல எத்தனையோ ஊர்ப் பெண்கள் எத்தனையோ வாசலில் போய் நின்றிருக்கிறார்கள். ஆனால் சட்டம் வந்தது. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று டிவியில் சொன்னார்கள். உனக்குச் சொல்லப் போனைக் கையில் எடுத்துவிட்டேன். அப்புறம்தான் நினைவு வந்தது. அதற்கு முந்தின மழைக்காலத்துக் காய்ச்சலிலேயே நீ போய்விட்டாய். லெப்பைக்குடிக்காட்டில் உன் வீட்டுக்கு நான் வந்தபோது கால் நீட்டிப் படுத்திருந்தாய். கடையில் இருந்த காலமெல்லாம் உன்னை அப்படிப் பார்த்ததே இல்லை. உன் நம்பரை இன்னும் அழிக்கவில்லை. ஒரே ஒரு நாள் அந்த மேசைக்குப் பின்னால் ரெண்டு பேரும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசியிருக்கக் கூடாதா?

இப்போது அந்தப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. நாற்காலி போட்ட புதிதில் ஒருத்தியும் உட்காரவில்லை. ஆள் வந்தால் கால் தானாக எழுந்துவிடும். திட்டித் திட்டித்தான் உட்கார வைத்தேன். போன வாரம் செட்டிகுளத்திலிருந்து புதிதாக வந்த பெண் உட்கார்ந்தபடியே புடவை காட்ட, வாங்க வந்த அம்மா முகம் சுளித்தார். "என்னங்க, உக்காந்துகிட்டே காட்டுது?"

"சட்டமே அப்படித்தாங்க. நீங்க புடவையப் பாருங்க" என்றேன்.

அவர்கள் போன பிறகு அந்தப் பெண் கேட்டாள்: "நெசமாவே சட்டமாக்கா? யாரு கொண்டாந்தது?"

சட்டசபையில் கை தூக்கியவர்கள் பேரெல்லாம் எனக்குத் தெரியாது. உன் பேரைச் சொன்னேன். உன் வேலை போகக் காரணமான அந்த மனுவை எழுதியது நான்தான் என்றும் சொன்னேன். மேனேஜர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் காதில் விழட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.