நாய்க்குட்டிக்கு ஒரு கையெழுத்து

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், காலையில் எழுந்ததும் சண்டை போடத் தெம்பிருக்கிற அளவுக்கு நலம். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போன் இருக்கும்போது அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று பயந்துவிடாதே, யாரும் சாகவில்லை. போனில் நீ எதைக் கேட்டாலும் பார்க்கலாம்ப்பா என்று சொல்லி வைத்துவிடுகிறாய், தாளை அப்படி வைக்க முடியாது, அதற்குத்தான்.

விஷயம் இதுதான், உன் அம்மாவுக்கு நாய்க்குட்டி வேண்டுமாம். நீ போன பிறகு வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளில்லையாம். நான் ஒருத்தன் இருக்கேனே என்றேன். அதனாலதான் சொல்றேன் என்றாள். சரி என்று முதலில் கடைத்தெருவில் ஒருவனிடம் போனோம். கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிய குட்டியைத் தூக்கி அவள் மடியில் வைத்தான், அவள் அங்கேயே கவிழ்ந்துவிட்டாள். என்னைத்தான் உனக்குத் தெரியுமே, முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவன், உள்ளே ஒட்டியிருக்கிற கண்ணாடியையும் பளபளப்பையும் பார்த்து மயங்க மாட்டேன், நேராக மேலே மோட்டார் ரூமுக்குத்தான் போவேன். இதோட தாயைக் காட்டுப்பா என்றேன். தாய் வெளியூர் போயிருக்கு சார் என்றான். எந்த ஊருக்கு, என்ன வேலையா என்று கேட்டேன், குட்டியின் ரிப்பனைச் சரிசெய்ய ஆரம்பித்தான். அவன் கொடுத்த தடுப்பூசி அட்டையைப் பார்த்தால் குட்டி பிறந்த தேதிக்கு நாலு நாள் முன்பே தடுப்பூசி போட்டாகியிருந்தது. குட்டிக்கோ கண்ணெல்லாம் பீளை, வயிறு உப்பிப்போய்க் கிடந்தது. அதை உன் அம்மா மடியிலிருந்து பிரிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. வீடு வரும்வரை அவள் என்னோடு பேசவில்லை, அதுவும் ஒரு விதத்தில் நிம்மதிதான்.

மறுநாள் கால்நடை டாக்டரிடம் போனேன். நல்ல குட்டி எங்கே கிடைக்கும் என்று கேட்கவில்லை, கேட்டால் அவரவர் மச்சான் பெயரைச் சொல்வார்கள். உங்ககிட்ட வைத்தியத்துக்கு ரொம்பக் குறைவா வர்ற குட்டிங்க யார் வீட்டுக் குட்டிங்க என்று கேட்டேன். எந்த லிஃப்ட் நல்ல லிஃப்ட் என்று நாங்கள் கண்டுபிடிப்பது அப்படித்தான். அவர் சிரித்துவிட்டு, வீட்டில் நாய் வளர்த்துக் குட்டி கொடுக்கிற, ஓய்வு பெற்ற ஒரு நர்ஸம்மாவின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார்.

அங்கே பின்னறையில் தரை கழுவிவிட்டது போல இருந்தது, தாய் ஐந்து குட்டிகளோடு படுத்திருந்தது, எழுந்து வந்து என் செருப்பை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. குட்டிகளுக்கு இடுப்புக் கோளாறு வராது என்று காட்ட, தாய்க்கும் தகப்பனுக்கும் எடுத்த இடுப்பு எக்ஸ்ரேயை நர்ஸம்மா ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். என் இடுப்புக்கே நான் எடுத்ததில்லை. எட்டு வாரம் ஆகாமல் குட்டியைத் தர மாட்டாராம். அதற்குள் காது மடிந்த ஒரு பழுப்புக் குட்டி உன் அம்மாவின் பாதத்தின்மேல் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டது, அவள் கால் மரத்துப்போயும் அசையவில்லை. அப்புறம் நர்ஸம்மா எங்களை விசாரிக்க ஆரம்பித்தார். வீட்டில் எத்தனை படி, நாய் எவ்வளவு நேரம் தனியாக இருக்கும், மழையில் யார் வெளியே கூட்டிப்போவார்கள். உன் அம்மா சட்டென்று என்னைக் கை காட்டினாள். கடைசியில் வயதைக் கேட்டார். ஐயாவுக்கு எழுபத்தொண்ணு, நாய் பதினாலு வருஷம் இருக்கும், நீங்களே கூட்டிப் பாருங்க என்றார். எனக்குச் சுருக்கென்றது. எங்களுக்கு ஏதாவது ஆனால் நாயைப் பொறுப்பேற்கிறேன் என்று இளையவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம், அதற்கு ஒரு படிவமே வைத்திருக்கிறார். எங்க பொண்ணு இருக்காளே என்றேன். அவங்ககிட்ட கேட்டீங்களா என்றார். கேட்டாச்சு என்று கூசாமல் சொல்லிவிட்டுப் படிவத்தை வாங்கிவந்தேன்.

இனிமேல் எழுதுவதைப் படித்துவிட்டுச் சிரிக்காதே. எட்டாவது படிக்கும்போது மார்க் அட்டையில் என் கையெழுத்தை நீ போட்டாயே, என்னுடையதைவிட அழகாக இருந்ததால்தான் உன்னை அடிக்காமல் விட்டேன். இப்போது என் முறை என்று நினைத்து, உன் பழைய பேங்க் தாளை எதிரில் வைத்துக்கொண்டு பாதி நோட்டைப் பாழாக்கி, உன் கையெழுத்தை நானே போட்டு எடுத்துக்கொண்டு, உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். நர்ஸம்மா கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். கோபப்படவில்லை. இது உங்க பொண்ணு போட்டது இல்லீங்க, உங்க கை நடுங்குற மாதிரியே இந்தக் கையெழுத்தும் நடுங்குது என்று சொல்லிப் புதுப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் உன் அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

ஆமாம், ஒரு வருஷமாகக் கை நடுங்குகிறது. மாத்திரை சாப்பிடுகிறேன், உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீடியோவில் பேசும்போது கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொள்வேன். இந்தக் கடிதத்தை எழுத மூன்று நாள் ஆனது, எழுத்தெல்லாம் கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்து அப்பா பஸ்ஸில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்று நினைத்திருப்பாய்.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். காது மடிந்ததை மாதக் கடைசி வரை யாருக்கும் தர மாட்டேன் என்று நர்ஸம்மா சொல்லியிருக்கிறார். படிவத்தில் நாயைப் பற்றித்தான் கேட்டிருக்கிறது, உன் அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஓரமா அவளையும் சேர்த்து எழுதிக்கலாமா என்று கேட்டேன். அதுக்கு என்கிட்ட படிவம் இல்லீங்க என்றார். முடியாது என்றால் முடியாது என்றே எழுது, எனக்குக் கோபம் வராது, அவளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். பார்க்கலாம்ப்பா என்று மட்டும் எழுதாதே.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், எங்களைவிடவும் அந்த நாயைவிடவும் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். கையெழுத்தைக் கட்டத்துக்குள் போடு, நர்ஸம்மா பொல்லாதவர்.

இப்படிக்கு,
உன் அப்பா
(இது நானே போட்டது, நடுக்கத்தைப் பார்த்தாலே தெரியும்)