நிழல் விழக் கூடாத வெள்ளைத் துண்டு

என் கையில் இன்னும் பச்சைக் கற்பூர வாசம் போகவில்லை. காலையிலிருந்து இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். மோட்டாருக்குக் காயில் கட்டிக் கட்டி முப்பது வருஷமாக வார்னிஷ் நாற்றத்தைச் சுமந்து திரிகிற கை இது. எதைத் தொட்டாலும் கடைசியில் வார்னிஷ்தான் ஜெயிக்கும், இன்றைக்கு ஜெயிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கடை லீவு. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். செஞ்சி தாலுகாவுக்கே பத்திரம் எழுதிக் கொடுத்தவனுக்கு நான் மடல் எழுதுகிறேன் என்றால் நீ சிரிப்பாய். என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது என்று ஆறாம் வகுப்பிலேயே சொன்னவன் நீ.

புதன்கிழமை உன் மனைவி கடைக்கு வந்தாள். கையில் ஒரு துணிப்பை. உள்ளே அந்த வெள்ளைத் துண்டு, நான்காக மடித்தது, மடிப்புக்குள் நீ வைத்த பச்சைக் கற்பூரம்.

"இத உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போனாருண்ணா. எடுத்துக்குனு வர எனக்குத்தான் மனசு வர்ல, ரெண்டு மாசம் ஆயிடுச்சு. நெசமா பாத்தவரு நீங்க ஒருத்தருதானாமே?"

நான் வாங்கிக்கொண்டேன். டீ சொல்லட்டுமாம்மா என்று மட்டும் கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டாள்.

நான் பார்க்கவில்லையடா. ஒரு நாளும் பார்க்கவில்லை. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு எத்தனையோ நாள் வாய்த்தது. அத்தனையையும் விட்டுவிட்டு, நீ போன பிறகு காகிதத்தில் சொல்கிறேன். என் வீரம் அவ்வளவுதான்.

நீ என்னை முதல்முதலில் அங்கே இழுத்துக்கொண்டு போனது நினைவிருக்கிறது. பௌர்ணமிக்கு அடுத்து வந்த ஞாயிறு, விடிகிற நேரம். சிங்கவரம் போகிற வழியில் உள்ளே தள்ளி அந்த மொட்டைப் பாறை. உன்னோடு சேர்த்துப் பத்துப் பேர், ஓய்வு பெற்ற தபால்காரர் ஐயாதான் தலைவர். ஒவ்வொரு மனிதனோடும் ஓர் ஒளித் தேவர் பிறந்த நாளிலிருந்து கூடவே வருகிறார், மனசு அடங்கினவன் கண்ணுக்கு ஒரு நாள் தெரிவார் என்று ஐயா சொன்னார். தேவர்களுக்கு இமை கொட்டாது, கால் தரையில் பாவாது, மாலை வாடாது, நிழல் விழாது. அதுவரைக்கும் நான் கேட்ட கதைதான். உங்கள் கூட்டம் அதற்கு மேலும் ஒரு விதி வைத்திருந்தது. நிழல் இல்லாதவர் வந்து உட்காரும் இடத்தில் நம்முடைய நிழலும் விழக் கூடாது.

அதனால் வட்டத்துக்கு நடுவில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துக் காலியாக விட்டு, சூரியன் எழும்பும் பக்கம் மட்டும் ஆள் உட்காராமல் சந்து விடுவீர்கள். தையில் ஒரு பக்கம், ஆடியில் ஒரு பக்கம் என்று அந்தச் சந்து மாதத்துக்கு மாதம் நகரும். அதைக் கணக்குப் பார்த்துச் சாக்பீஸால் கோடு போடுவது உன் வேலை. துண்டைத் துவைப்பதும் நீதான், வீட்டில் யாரையும் தொட விடமாட்டாய். பத்திரம் எழுதுகிற புத்தி எங்கே போகும்? "நாலு எல்லையும் சொல்றேன் கேட்டுக்க. வடக்கே தபால் ஐயா, தெற்கே காயில் கடைக்காரன், மேற்கே டெய்லர் அக்கா, கிழக்கே சூரியன். இதுக்குள்ள அடங்கின எடம் அவருக்குப் பாத்தியம்," என்றாய். நான் சத்தமாகச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அன்றிலிருந்து நான்தான் தெற்கெல்லை.

ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்த பிறகு, ஒவ்வொருவரும் கண்டதைச் சொல்ல வேண்டும். டெய்லர் அக்காவுக்கு எப்போதும் ரோஜா நிறம். பால் சொசைட்டிக்காரருக்கு மஞ்சள். உன் முறை வரும்போது மட்டும் நீ கையைப் பிசைந்துகொண்டு, "இன்னைக்கும் ஒண்ணும் தெர்ல ஐயா," என்பாய். "இருக்கட்டும். எடத்தச் சுத்தமா வெச்சியே, அது போதும்," என்பார் ஐயா. மூன்று வருஷம் மாதாமாதம் இதே பேச்சு. இத்தனை ஆசை உள்ளவன் ஒரு முறையாவது மஞ்சள், பச்சை என்று எதையாவது சொல்லியிருக்கலாம். உனக்கு அது வரவில்லை. எனக்கு மட்டும் சரளமாக வந்தது.

நான் தேவருக்காக வரவில்லை. பைக்கில் உன் பின்னால் உட்கார்ந்து வரவும், திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு எதிரே உன்னோடு இட்லி தின்னவும்தான் வந்தேன். போன மாசி மாதம் உன் முகம் ரொம்பவும் வாடிக் கிடந்தது. சும்மா உன்னைச் சீண்டுவோம், வழியில் உண்மையைச் சொல்லிச் சிரிப்போம் என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தேன். "எனக்கு ஒண்ணு தெரிஞ்சுது ஐயா. எடது பக்கம், தோளுக்கு மேல. நீல நெறம்." எங்கிருந்து வந்தது அந்த நீலம் என்று நினைக்கிறாய்? காயில் ஷார்ட் ஆகும்போது தெறிக்குமே, அந்தப் பொறியின் நீலம். பார்க்காததைச் சொல்ல வேறு நிறம் எனக்குத் தெரியவில்லை.

நீ எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாய். உன் கண்ணில் தண்ணீர். கொஞ்சம்கூடப் பொறாமை இல்லை. "என்னோட வந்தவனுக்குக் கெடச்சிடுச்சு, எனக்குக் கெடச்ச மாரிதான்," என்றாய். அப்புறம் நான் எங்கே சிரிப்பது? இட்லிக் கடையில் மூன்று முறை நாக்கு நுனிவரை வந்தது. சாம்பாரோடு சேர்த்து முழுங்கிவிட்டேன். விளையாட்டு வினையாகும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் நீ கடைக்கு ஓடிவந்தாய். பத்திரம் எழுதிக்கொண்டிருந்த பேனா கையிலேயே இருந்தது.

"டேய், வந்துட்டாருடா! எடது பக்கம்தான், நீ சொன்ன மாரியே. வட்டமா, பல நெறமா சுத்துது. கண்ண மூடுனாலும் இருக்குது. ஒரு நிமிசம் இருந்துட்டுப் போயிட்டாரு."

நீ ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாய். நெற்றியை அழுத்திக்கொண்டே, கொஞ்சம் தயங்கி ஒன்று கேட்டாய்.

"போனப்புறம் தல பொளக்குதுடா. உனக்கும் இப்டி வந்துச்சா?"

"வந்துச்சு. வராம இருக்குமா?" என்றேன்.

"எவ்ளோ நேரம் இருந்துச்சு?"

"ஒரு மணி நேரம். தானா போயிடும்."

இவ்வளவுதான் நான் சொன்னது. மோட்டார் ஸ்டேட்டரில் கம்பி சுற்றிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னேன். வேறென்ன சொல்வேன், எனக்குத் தலைவலியே வரவில்லை என்றால் நீ ஏன் என்று கேட்பாய். முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது பொய். முதல் பொய் உன்னை அழவைத்தது, அவ்வளவுதான். இந்த இரண்டாவது பொய்தான் உன்னைத் தின்றது.

அதன் பிறகு ஐந்து மாதம் நீ இருந்த சந்தோஷத்தை நான் மறக்க முடியாது. வாரத்துக்கு ஒரு முறை வந்த தேவர், நாளுக்கு ஒரு முறை வந்தார். பாறையில் ஐயா உன்னைக் கும்பிட்டார். தலைவலி வந்தால் கண்ணை மூடி, "தானா போயிடும்," என்று சொல்லிக்கொள்வாயாம். பத்திரத்தில் கிழக்கு எல்லைக்கு மேற்கு என்று எழுதினாய். ஓர் எழுத்து பிசகாதவன் என்று பேர் வாங்கிய நீ, கட்சிக்காரர் சத்தம் போட்டபோது சிரித்தாயாம். பைக்கை இடது பக்கம் நின்ற மாட்டின் மேல் விட்டாய். நான் உனக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். மாடு கண்ணுக்குத் தெரியவில்லையா என்று திட்டினேனே தவிர, ஏன் தெரியவில்லை என்று யோசிக்கவில்லை.

ஆவணி கடைசியில் பதிவு அலுவலகத்தின் வாசலிலேயே விழுந்து, கை கால் இழுத்து வெட்டு வந்தது. பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, தலையின் பின்பக்கம் வலது ஓரத்தைக் காட்டினார். பார்வைக்கு உண்டான இடம் அதுதானாம். அங்கே கட்டி வளர்ந்தால் இல்லாத வெளிச்சமெல்லாம் இடது பக்கம் தெரியுமாம். "தலவலி ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா ஆபரேஷனுக்கு வழி இருந்திருக்கும்," என்றார். வராந்தாவில் உன் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "அப்பவே கூப்ட்டேண்ணா. 'அவனுக்கும் வந்துச்சு, தானா போயிடுச்சு'ன்னு சொல்லிட்டாரு." என்னைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

உள்ளே வந்தேன். நீ அழுவாய், தேவரை நினைத்து ஏமாந்து போயிருப்பாய் என்று நினைத்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். அவ்வளவு பயந்த கண்ணை நான் உன்னிடம் பார்த்ததே இல்லை.

"டேய், உனக்கும் எடது பக்கம்தான? தலவலி வந்துச்சுன்னியே. நீயும் ஒரு ஸ்கேன் எடுத்துடுறா. இன்னைக்கே எடு. எனக்குத்தான் இப்டி ஆயிடுச்சு, நீயாச்சும் பொழச்சுக்க."

அதுதான் சொல்ல வேண்டிய இடம். 'நான் எதையும் பார்க்கல, எனக்கு எந்த வலியும் வரல' என்று ஒரு வரி. அந்த வரியைச் சொன்னால், உன்னை இங்கே கொண்டுவந்து போட்டது யார் என்று உனக்குத் தெரிந்துவிடும். போய் ஸ்கேன் எடுத்தேன். அந்தக் குழாய்க்குள் படுக்கவைத்து, ஆடக் கூடாது என்றார்கள். தடதடவென்று போர்வெல் போடுவது போலச் சத்தம். இல்லாத நோவுக்காக உள்ளே கிடந்து, ஆடாமல் அழுதேன். கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் இறங்கியது.

மறுநாள் என் படத்தை உன்னிடம் கொண்டுவந்தேன். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிக்கச் சொன்னாய். உனக்குப் பாதிதான் தெரிந்தது. அதனால் தலையை மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய், நாலு எல்லையும் சரிபார்ப்பது போல.

"சுத்தமா இருக்குதா?"

"சுத்தமா இருக்குதுடா. ஒண்ணும் இல்ல."

படத்தை இறக்கச் சொன்னாய். அப்புறம் உன் முகம் தெளிந்தது. "அப்போ எனக்கு வந்தது நோவு. உனக்கு வந்தவரு நெசம்," என்றாய். "போதும்டா. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தன் பாத்துட்டான்."

நான் 'ம்' என்றேன். உனக்கு நான் கடைசியாகச் சொன்ன பொய் அந்த ஒற்றை எழுத்துதான். ஐப்பசியில் நீ போய்விட்டாய்.

இன்று காலை பாறைக்குத் துண்டை எடுத்துக்கொண்டு போனேன். என்னைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள், எனக்குக் கூசியது. துண்டை நடுவில் விரித்தேன். சந்து விடும் கோட்டை நான்தான் போட வேண்டும் என்றார்கள். ஆவணியில் நீ கடைசியாகப் போட்ட கோட்டை மழை கழுவிவிட்டிருந்தது, இடம் நினைவிருந்தது, அங்கேயே போட்டேன். மார்கழிச் சூரியன் இவ்வளவு தெற்கே தள்ளி எழும்பும் என்று எனக்கு எங்கே தெரியும்? முதலில் ராஜகிரிக் கோட்டை மலை உச்சியில் வெயில் பட்டது, அப்புறம் நம் பாறைக்கு வந்தது. எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் மூடவில்லை. என் தலை நிழல் நேராகத் துண்டின் மேல் போய் விழுந்தது. நீ இருந்திருந்தால் கண்ணைத் திறக்காமலே, "டேய் தெற்கெல்லை, தள்ளி உக்காரு," என்று சொல்லியிருப்பாய். நானே தள்ளி உட்கார்ந்தேன். அது போதவில்லை, இன்னும் தள்ளினேன். கடைசியில் வட்டத்துக்கு வெளியே, பாறை ஓரத்தில் இருந்தேன்.

முறை வந்தது. ரோஜா நிறம், மஞ்சள் எல்லாம் முடிந்து என் பக்கம் திரும்பினார்கள். உன் மனைவியும் இன்று வந்திருந்தாள், பின்னால் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மொத்தத்தையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. நான் நிஜமாகப் பார்த்தவன் என்று நீ வைத்துவிட்டுப் போன ஆறுதல் ஒன்றுதான் அவளிடம் இருக்கிறது, அதையும் நான் எப்படிப் பிடுங்குவது? ஆனால் இன்னொரு பொய்யும் வாயில் வரவில்லை. என்னிடம் மிச்சம் இருந்தது உன்னுடைய வாக்கியம்தான்.

"இன்னைக்கு ஒண்ணும் தெர்ல ஐயா," என்றேன்.

ஐயா என்னை வெகு நேரம் பார்த்தார். "இருக்கட்டும். எடத்தச் சுத்தமா வெச்சீங்களே, அது போதும்," என்றார்.

மூன்று வருஷம் உனக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்குப் போதவில்லையடா.