முப்பத்தாறாவது மனையின் எட்டேமுக்கால் அடி

எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லாத, ஆனாலும் எனக்குப் பிரியமான அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. நகர் சங்கத்தார் உங்களுக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். தெருவுக்கும் உங்கள் பெயரை வைக்கப் போகிறார்களாம். மகன் என்ற முறையில் ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு பக்கத்தில் முடியாது என்றேன். எழுதித் தந்ததைப் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம். எனக்குப் பேச வேண்டியது உங்களிடம். மற்றவர்கள் கூட இருந்து கேட்டுக்கொள்ளட்டும்.

ஊரில் உங்களுக்கு இரண்டு கட்சி இருந்தது, இன்னும் இருக்கிறது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் தொழிலாளிக்கும் சொந்த வீடு என்று ஒன்றைக் காட்டிய புண்ணியவான் என்கிறது ஒரு கட்சி. புத்தூர்ப் பக்கத்து நஞ்சையை விழுங்கியவர் என்கிறது இன்னொன்று. இரண்டையும் நான் மறுக்கவில்லை. வயலை வாங்கினீர்கள். இன்ஜின் சாம்பலும் இடித்த வீட்டு மண்ணும் கொட்டி மேடாக்கினீர்கள். குத்தகைக்காரர்கள் எழுந்திருக்க மாட்டோம் என்று உட்கார்ந்தபோது வரப்பில் ஒரு பிள்ளையாரை வைத்தீர்கள். பிள்ளையாருக்குப் பின்னால் பிளான் வந்தது. அந்தக் குத்தகைக்காரர்களில் இரண்டு பேர் பிறகு உங்களிடமே கல் நடுகிற வேலைக்கு வந்தார்கள். இதை உங்கள் கட்சியார் பெருமையாகச் சொல்கிறார்கள். தான் உழுத வயலில் அடுத்தவனுக்குக் கல் நடுவதில் என்ன பெருமை என்று எனக்கு விளங்கவில்லை.

மனை காட்ட நீங்கள் வண்டி வைத்து ஆட்களை அழைத்துப் போனது பங்குனியில் மட்டும்தான். மழைத் தண்ணீர் தேங்கும் ஐப்பசியில் யார் கேட்டாலும் உங்களுக்கு உடம்பு சரியில்லை. எந்த மனையில் நின்றாலும் மலைக்கோட்டை தெரியும் என்று நோட்டீஸ் அடித்தீர்கள். அது நிஜம். முதல் வீட்டுக்காரர் மாடி எடுக்கும்வரை தெரிந்தது.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்தது. ஊருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

மனை போடுவதற்கு முன்னால் நீங்கள் மலைக்கோட்டைக்குக் கீழே துணிக்கடை வைத்திருந்தீர்கள். கஜக்கோலை வைத்து அளந்து, கோல் முடிந்த இடத்தில் வெட்ட மாட்டீர்கள். நாலு விரல் தள்ளித்தான் கத்தரி. கேட்காமலே கொடுக்கிற கொசுறு. அந்த நாலு விரலுக்காகத் தென்னூரிலிருந்து நடந்து வந்தவர்கள் உண்டு. கடையை விற்றுவிட்டு நிலத்துக்கு வந்தபோது அந்தப் பழக்கமும் கூடவே வந்துவிட்டது.

பதினோராவது மனைக்குக் கல் நட்ட அன்று டேப்பின் ஒரு முனையை நான்தான் பிடித்திருந்தேன். எல்.சி.இ. இன்ஜினியரிங் படிப்பின் இரண்டாம் வருஷ லீவு. முப்பது அடியில் நான் ஆணி அடித்தேன். நீங்கள் குனிந்து ஆணிக்குப் பக்கத்தில் கையை வைத்தீர்கள்.

"நாலு விரல் தள்ளி நடு."

"டேப் இங்கதாம்ப்பா நிக்குது."

"நிக்கட்டும். வாங்கினவன் பொண்டாட்டியோட வந்து கயிறு போட்டு அளப்பான். கூட இருந்துச்சுன்னா நாலு பேர்கிட்ட நல்லதாச் சொல்லுவான்."

உங்கள் நாலு விரல் மூன்று அங்குலம். ஒரு பக்கம் மட்டும் வீடு வருகிற அந்த ஒற்றைச் சாரித் தெருவில் முப்பத்தாறு மனை. துணியில் கொசுறு கொடுத்தால் பீரோவிலிருந்து அடுத்த பீஸை எடுக்கலாம். தெருவுக்கு அடுத்த பீஸ் கிடையாது. ஒரு முனையில் மெயின் ரோடு, மறு முனையில் வாய்க்கால். முப்பத்தைந்து பேருக்கு மூன்று அங்குலம் என்றால் நூற்றைந்து அங்குலம். அத்தனையும் கடைசி மனையில் குறையும். நான் அன்றைக்கே பெருக்கிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. லீவு முடிந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டேன். ஆகவே இதில் எனக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

முப்பத்தாறாவது மனையை வாங்கியவர் ரஹீம் பாய். உங்கள் கடை வாசலில் பதினாறு வருஷம் மெஷின் போட்டுத் தைத்தவர். வேறு யாரோ ஒருவர் தலையில் அது விழுந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ.

போன சித்திரையில் பாய் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு காகிதம். வாய்க்காலை அகலப்படுத்தப் போகிறார்கள், கரையை ஆக்கிரமித்துக் கட்டியதை நீயாகவே இடித்து அப்புறப்படுத்து என்று நோட்டீஸ். இங்கிலீஷில் இருந்தது. நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, இதுல என்னைத் திருடன்னு போட்டிருக்கா?"

"திருடன்னு இல்ல பாய். ஆக்கிரமிப்புன்னு."

"ரெண்டுக்கும் ரொம்ப தூரமா?"

எனக்கு மழுப்பிப் பேச வராது. அளந்து பார்த்துச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் காலை ஸ்டீல் டேப்பை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டு சர்வே கல்லிலிருந்து தொடங்கினேன். பாயின் வீட்டுக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. அவருடைய கடைசிக் கல் வாய்க்கால் புறம்போக்குக்குள் எட்டேமுக்கால் அடி போய் நின்றது. அந்த எட்டேமுக்கால் அடிக்குள் அவர் வீட்டுச் சமையலறை இருந்தது, கிணறும் இருந்தது. கிணற்றில் ஆறு குடும்பம் தண்ணீர் எடுக்கிறது.

பாய் எனக்கு டீ கொடுத்தார். கல் நட்ட நாளைப் பற்றிக் கேட்டேன். நான் ஊரில் இல்லாத நாள் அது.

"டேப்பை நீட்டினாங்க, பத்தல. உங்க அப்பா கொஞ்ச நேரம் வாய்க்காலையே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் கரை மேல ஏறி அவரே கல்லை நட்டாரு. என் முகத்தைப் பாக்கல தம்பி. வெயில்னு நெனச்சேன்."

பிறகு இன்னொன்றும் சொன்னார். வருஷா வருஷம் ஆற்றில் தண்ணீர் திறந்து வாய்க்காலுக்கு வந்த மறுநாள் நீங்கள் அங்கே போவீர்களாம். கரையில் நின்று அந்தச் சுவரைப் பார்ப்பீர்களாம். டீ குடித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிவிடுவீர்களாம். சாவதற்கு முந்தின வருஷம் கம்பு ஊன்றிக்கொண்டு வந்தீர்களாம். "இந்த மனுஷனுக்கு நம்ம மேல இவ்வளவு பிரியமான்னு என் வீட்டுல ஆச்சரியப்படும்" என்றார்.

எது நிஜம் அப்பா? பிரியத்தில் போனீர்களா, சுவர் நிற்கிறதா என்று பார்க்கப் போனீர்களா? கோர்ட்டுக்குப் போக மாட்டார் என்று தெரிந்துதான் கடைசி மனையை அவருக்குக் கொடுத்தீர்களா? இல்லை, நெருங்கினவருக்கு வாய்க்கால் காற்று கிடைக்கட்டும் என்றா? பாய் இந்தக் கேள்விகளைக் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். நீங்கள் வழக்கம்போல் இருக்கிறீர்கள்.

அடுத்து நான் செய்தது முட்டாள்தனம். வீடு வீடாகப் போய், உங்களிடம் மூன்று அங்குலம் அதிகம் இருக்கிறது என்று சொன்னேன். கணக்குப்படி அது சரி. எல்லோரும் காம்பவுண்டு சுவர் எழுப்பிவிட்டார்கள். முப்பத்தைந்து சுவரையும் இடித்து மூன்று மூன்று அங்குலமாக நகர்த்த முடியுமா? முடியாதென்று தெரிந்தும் போனேன். தெரிந்துகொள்ளவாவது செய்யட்டும் என்று.

மூன்றாம் நம்பர் வீட்டு ராகவாச்சாரி மாமாவை உங்களுக்கு நினைவிருக்கும். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியை விட்டு ஒரு வைஷ்ணவன் புத்தூருக்குக் குடி போவதா என்று அவர் தம்பிகள் ஆறு மாதம் பேசாமல் இருந்தார்களே, அவரேதான். இப்போது சங்கத் தலைவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கொசுறைத் திருப்பிக் கேக்கற வியாபாரியை இந்த எழுபது வயசுல இப்பத்தான் சேவிக்கறேன்" என்றார். "உங்க தோப்பனார் மனசாரக் குடுத்தது. எடுத்துண்டது எங்க தப்பா?"

அவர் தப்பு இல்லைதான். யார் தப்பும் இல்லாமல் ஒருவர் வீட்டுச் சமையலறை போகப் போகிறது. அதை அவரிடம் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். ஒரு வாரம் தெருவில் யாரும் என்னோடு பேசவில்லை. உங்கள் மகன் பைத்தியம் என்று உங்கள் இரண்டு கட்சியும் முதல் தடவையாக ஒத்துப்போனது.

பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். வாய்க்காலுக்கு வேண்டியது அகலம். அது இந்தக் கரையிலிருந்துதான் வர வேண்டும் என்று தண்ணீருக்கு ஒன்றும் கட்டாயம் இல்லை. எதிர்க்கரையில் நீங்கள் கடைசியாக வாங்கிப் போட்ட நிலம் இருக்கிறது. அம்மா வீடு கட்டிக்கொள்ளலாம் என்று நீங்கள் காட்டிவிட்டுப் போன மனையும் அந்தக் கரையோரம்தான். வாய்க்காலை ஒரே இடத்தில் வெடுக்கென்று திருப்ப முடியாது, கரை அரித்துவிடும். மேலேயும் கீழேயும் நீளமாக வளைத்து வர வேண்டும். அப்படி வளைத்தால் எதிர்க்கரையில் நம் மனை வரிசை முழுவதும் ஒல்லியாகி, வீடு கட்ட லாயக்கில்லாமல் போகும். பிளான் வரைந்து எடுத்துப் போனேன். சம்பந்தப்பட்ட அதிகாரி பொறுமையாகப் பார்த்தார். செய்யலாம், நம் நிலத்துக்கு மாற்றாகப் பாயின் இடத்தை விட்டுவிடலாம் என்றார். ஆனால் பாய் தெரிந்து ஆக்கிரமிக்கவில்லை, விற்றவர் கல்லைத் தப்பாக நட்டுக் கொடுத்தார் என்று வாரிசு கையெழுத்துப் போட்டு எழுதித் தர வேண்டும், விட்டுக்கொடுக்கும் நிலத்தின் அளவும் அதில் இருக்க வேண்டும் என்றார்.

அதை எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து எதிரே உட்கார்ந்தாள். என்ன எழுதுகிறேன் என்று தெரியும். நிலம் போவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"பதில் சொல்ல அவர் எழுந்தா வரப்போறாரு? நீயே எழுதிக் குடுத்துட்டா, ஊரு பேசினதெல்லாம் நிஜம்னு ஆயிடாதா?"

"ஊரு பேசினது வேற. இது வேறம்மா. இது அளந்தது."

"நல்லவரா கெட்டவரான்னு போட்டிருக்கியா?"

"அதுக்கு இதுல எடம் இல்ல. கல்லு தப்பான எடத்துல இருக்கு, அவ்வளவுதான்."

அம்மா தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது, ஆனால் எண் தெரியும்.

"எவ்வளவு குடுக்கறோம்?"

"எட்டேமுக்கால் அடி."

"ஒம்பதாப் போடு."

"எட்டேமுக்கால்தாம்மா. மூணு தடவ அளந்தேன்."

"நீ அளந்தது சரிதான். நாலு விரல் கூடப் போடு. உங்க அப்பா குடுத்ததா இருக்கட்டும்."

நான் தப்பான எண்ணைக் காகிதத்தில் எழுதியதே இல்லை அப்பா. அன்றைக்கு எட்டேமுக்காலை அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதினேன். இதைத் தப்பு என்று சொல்ல முடியாது. நிலம் நம்முடையது.

உத்தரவு வந்துவிட்டது. எதிர்க்கரையில் மண் வெட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். பாயின் கிணறு அப்படியே இருக்கிறது. அவர் கடைசிக் கல்லைப் பிடுங்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார். துணிக்கடைகளில் கஜம் போய் மீட்டர் வந்துவிட்டது. அன்றைக்குச் சட்டைத் துணி எடுக்கப் போனேன். மீட்டர் கோல் முடிந்த இடத்துக்கு நாலு விரல் தள்ளித்தான் கிழித்தார்கள். கையில் வாங்கியபோது உங்கள் மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. முழுக்கக் குறையவில்லை.

தெருவுக்கு உங்கள் பெயர் வைப்பதை நான் தடுக்கப் போவதில்லை. பெயர்ப் பலகையை மட்டும் மெயின் ரோட்டு முனையில் வைக்க வேண்டாம், வாய்க்கால் முனையில் வையுங்கள் என்று கேட்டிருக்கிறேன். சங்கம் யோசிக்கிறது.

இந்த வருஷம் தண்ணீர் திறந்த மறுநாள் கரைக்கு நான் போகிறேன். பாய் வீட்டில் டீ குடிப்பேன். நீங்கள் வருஷா வருஷம் சொல்லாமலே திரும்பி வந்த விஷயத்தை அவரிடம் சொல்லிவிட்டு வருவேன். இனி என் கையால் நடுகிற கல்லை டேப் நிற்கிற இடத்தில் நடுவேன். கொசுறும் கொடுப்பேன். அது என் மனையிலிருந்து போகும்.

துணிக்கடைக்காரர் மகன்,
சுந்தரம்