இரும்புக் கைக்காரனுக்கு நீ கொடுத்த பிள்ளைப் பருவம்

என் ஆசை மாப்பிள்ளை வீரய்யா,

நலமா என்று எழுதத்தான் கை போகிறது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது, திதிக்கு உன் பெண்சாதி இப்போதே ஏற்பாடு பண்ணிக்கொண்டிருக்கிறாள். உனக்கு எந்த விலாசத்துக்கு எழுதுவது என்று தெரியாததால் இதை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். நாலு பேர் கேட்காவிட்டால் உனக்கும் பேச்சு ஏறாதே.

எனக்கு ஒரே குழப்பம், மாப்பிள்ளை. உன் மகள் மல்லிகாவைப் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். வந்தது யார் தெரியுமா? நம் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணி. உன்னை வேலையிலிருந்தும் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டிலிருந்தும் போக வைத்த அதே மனிதர். அவருடைய மகன் சேகரன் தானா ராத்தா டவுனில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறான். மல்லிகா வேலை செய்யும் துணிக்கடைக்கு நேர் எதிரே. இரண்டு பேருக்கும் பிடித்துப் போய்விட்டது. பையனைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியவில்லை, நானும் சல்லடை போட்டுத் தேடிப் பார்த்துவிட்டேன்.

கிராணி வெற்றிலைத் தட்டோடு வந்து உட்கார்ந்தார். வாங்கினால் சம்மதம், திருப்பிக் கொடுத்தால் முறிந்தது. உன் பெண்சாதி, அதுதான் என் தங்கச்சி, இரண்டில் எதையும் செய்யவில்லை. தட்டு மேசை மேலேயே கிடந்தது. அவர் போன பிறகு என்னிடம் வந்தாள்.

"தாய்மாமன் நீங்கதான்ணே. வாங்குறதா இருந்தாலும் நீங்க வாங்குங்க, கொண்டுபோயி மூஞ்சில வீசுறதா இருந்தாலும் நீங்க வீசுங்க. எனக்கு அந்தாளப் பாத்தாலே ஒடம்பு நடுங்குது."

நான் யாரிடம் போய்க் கேட்பேன், சொல்? வில்லன்கள் விஷயத்தில் இந்த மலையிலேயே நீதானே பெரிய ஆள்.

படிக்கிறவர்களுக்கு அந்தக் கதை தெரியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள், சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளில் மாதம் ஒரு தடவை ஈப்போவிலிருந்து வேனில் படம் வரும். காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக்களத்தில் வெள்ளைத் துணி கட்டுவார்கள். குளிருக்குக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு லயமே வந்து உட்காரும். ஒரு மாதம் பெட்டி மாறிப்போய், தமிழ்ப் படத்துக்குப் பதிலாக இங்கிலீஷ் படம் வந்துவிட்டது. மஞ்சள் உடுப்பு போட்ட ஒருவன் முதுகில் துணி கட்டிக்கொண்டு பறக்கிறான். இரும்புக் கை வைத்த ஒருவன் அணைக்கட்டை உடைக்கப் பார்க்கிறான். பேசுவது ஒரு எழுத்து விளங்கவில்லை. சனங்கள் கூச்சல் போட, படம் ஓட்டுபவர் வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்போதுதான் நீ மைக்கைப் பிடித்தாய். கோயில் திருவிழாவில் காணாமல் போன பிள்ளைகளின் பெயரை வாசித்ததுதான் அதுவரை உனக்கிருந்த அனுபவம். இங்கிலீஷில் உனக்கு 'எஸ்', 'நோ' தவிர எதுவும் தெரியாது.

"இந்தா நிக்கிறானே இரும்புக் கைக்காரன், இவனும் நம்மள மாதிரி தோட்டத்துப் புள்ளதான்லா. சின்ன வயசுல மெசின்ல கை போயிருச்சி. கை இல்லாதவனுக்கு வேல இல்லன்னு தொர வெரட்டிட்டாரு. ஆத்தாக்காரி கஞ்சிக்கு வழியில்லாம செத்துப் போச்சி. அந்த தொர வீட்டுக் கரண்டு இந்த அணையிலருந்துதான் போவுது. அதான் ஒடைக்க வந்திருக்கான்!"

பெண்கள் மூக்கைச் சிந்த ஆரம்பித்தார்கள். பறக்கிறவன் வந்து இரும்புக் கைக்காரனைத் தூக்கி எறிந்தபோது, கொழுந்தெடுக்கும் மாரியாயி எழுந்து நின்று, "ஒன் கையில கொள்ளி வைக்க! அவன விடுறா!" என்று வெள்ளைத் துணியைப் பார்த்துக் கத்தினாள். வில்லன் செத்ததற்கு நம் லயத்தில் சிலர் மறுநாள் காலையில் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த மாதமும் இங்கிலீஷ் படமே வேண்டும், வீரய்யாதான் கதை சொல்ல வேண்டும் என்று ஆள் விட்டுச் சொன்னார்கள்.

அடுத்த மாதம் வருவதற்குள் தோட்டத்தில் உன் கதை முடிந்துவிட்டது. ஆலையில் இலை உலர்த்தும் அடுப்பு அணைந்து, ஒரு நாள் கொழுந்து முழுக்கப் பாழாய்ப் போனது. யார் பொறுப்பு என்று துரை கேட்டார். வீரய்யா என்றார் பெரிய கிராணி. உனக்கு அன்றைக்கு அடுப்படி வேலையே இல்லை. தட்டுமுட்டுச் சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டு கீழே பள்ளத்தாக்கில் இருக்கும் லெம்பா பெர்த்தாமுக்குப் போனாய். கடைசி வரைக்கும் அடுத்தவன் முட்டைக்கோசுத் தோட்டத்தில் கூலி வேலைதான்.

கிராணி ஏன் அப்படிச் செய்தார்? ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நீ சங்கத்துக்கு ஆள் சேர்த்தாய் என்று சிலர். உன் சாதியைச் சொன்னவர்களும் உண்டு. படம் ஓடிய அன்றைக்கு மைக்கில் கிராணியின் இருமலை நடித்துக் காட்டினாயே, அதுதான் காரணம் என்று என் தங்கச்சி. "வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருந்தா நாம மேலயே இருந்திருப்போம்" என்று அவள் உன்னைக் குத்தாத நாள் இல்லை. நீயோ கோசுக்கு மண் அணைத்துக்கொண்டே இருப்பாய்.

எனக்கு எரிச்சல் மூட்டியது இன்னொன்று. வேலை போன பிறகும் நீ மாதா மாதம் மலையேறி வந்து மைக்கைப் பிடித்தாய். முன் வரிசை நாற்காலியில் கிராணி உட்கார்ந்திருப்பார். நீயோ படத்தில் வருகிற அயோக்கியனுக்கெல்லாம் ஒரு நல்ல தாய், ஒரு கெட்ட காலம் என்று ஜோடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய். "இந்தாளப் பத்தி ஊருக்கு முன்னால ரெண்டு வார்த்த சொன்னா என்னடா?" என்று கேட்டேன்.

"வில்லன எல்லாரும் வெறுத்துட்டா படம் சீக்கிரம் முடிஞ்சிரும் மச்சான்" என்று சிரித்தாய். அந்தப் பதில் இன்னும் எனக்கு ஜீரணமாகவில்லை.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். தட்டு மேசையில் கிடந்த அந்த வாரம் மல்லிகா ஒரு வீடியோ கேசட் எடுத்து வந்தாள். என் வீட்டில் இப்போது வீடியோ பெட்டி இருக்கிறது, நீ பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. போட்டால் அதே படம், அதே மஞ்சள் உடுப்பு! மல்லிகாவுக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். இரும்புக் கைக்காரன் வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"என்னம்மா சொல்றான்?"

"ஊரையே தண்ணியில முக்கப் போறேன்னு சொல்றான் மாமா."

"ஏனாம்?"

"ஏன்னு சொல்லலயே."

"மெசின்ல கை போனது? அவன் ஆத்தா?"

"ஆத்தாவே கெடையாது மாமா. அந்தக் கை சும்மா மாட்டியிருக்கான் போல."

கடைசி வரை பார்த்தேன். வந்தான், சிரித்தான், உடைத்தான், செத்தான். அவ்வளவுதான் அவன் கதை. எனக்கு உன் மேல் கோபம் வந்தது, பிறகு படம் எடுத்தவன் மேல் வந்தது. ஒரு வில்லனுக்கு எவ்வளவு கதை வேண்டும், மாப்பிள்ளை? நீ கொடுத்தது அதிகமா, அவர்கள் கொடுத்தது குறைவா? கதையே இல்லாதவனை எதைச் சொல்லி மன்னிப்பது? எதைச் சொல்லி வெறுப்பது?

அந்தக் குழப்பத்தோடுதான் கிராணி வீட்டுக்குப் போனேன். அவர் ஒரு காரணம் சொல்வார், அதைப் பொறுத்துத் தட்டை வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம் என்பது என் எண்ணம். பிள்ளைகள் பசி என்பார், துரை மிரட்டினார் என்பார். உன் புண்ணியத்தில் எனக்கு எல்லாக் கதையும் அத்துப்படி ஆயிற்றே. மனிதர் ரொம்பத் தளர்ந்துவிட்டார். அவரே தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"ஏன் செஞ்சீங்க கிராணி?"

"தொர யாருன்னு கேட்டாரு. அந்த மாசம் தோட்டமே உங்க மாப்பிள்ள பேரத்தான் பேசிக்கிட்டு இருந்திச்சி. வாய்க்கு வந்த மொத பேரு அதுதான்."

"அவன் மேல ஏதும் கோவமா? மைக்குல ஒங்கள மாதிரி இருமிக் காட்டுனானே?"

"அதுவா? நானும் சேந்துதான் சிரிச்சேன்."

"தொர மெரட்டினாரா?"

"இல்ல. சாதாரணமாத்தான் கேட்டாரு."

"அப்புறமாச்சும் மாத்திச் சொல்லிருக்கலாமே?"

"சொல்லிருக்கலாம்" என்றார். "சொல்லல."

வேறு ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அவர் அழவும் இல்லை, காலில் விழவும் இல்லை. ஒரு குடும்பத்தை மலையிலிருந்து இறக்கிவிட்டதற்கு இவ்வளவுதானா? அவர் ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பஸ் ஏறி நேரே தங்கச்சி வீட்டுக்குப் போனேன்.

அவள் அடுப்படியில் இருந்தாள். நடந்ததை அப்படியே சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இருமிக் காட்டுனதுக்கு இல்லயா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. அவரும் சிரிச்சாராம்."

"அப்ப எங்க வீட்டுக்காரரு ஒண்ணுமே செய்யலயாண்ணே?"

"ஒண்ணுமே செய்யல."

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உன் சாவுக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. "ஒங்க வாய்தான், ஒங்க வாய்தான்னு ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடக்கும்போதுகூட சொன்னேனே! ஒரு தப்பும் செய்யாத மனுசன இத்தன வருசம் கரிச்சுக் கொட்டிட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மல்லிகா ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். எனக்கும் தாங்கவில்லை. கிராணிக்கு ஒரு காரணத்தைத் தேடித் தேடி, நாங்கள் எல்லாருமே அதை உன் தலையில் கட்டியிருக்கிறோம்.

அழுது முடித்து முகம் கழுவிவிட்டு வந்தாள். மல்லிகா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ அவரோட மகனத்தான கட்டிக்கப் போறா, அவரயா கட்டிக்கப் போறா?" என்று சொல்லி, தங்கச்சியே தட்டை எடுத்துச் சாமி படத்தின் முன்னால் வைத்தாள். கிராணியை மன்னித்துவிட்டாளா என்று கேட்கவில்லை. நானே மன்னித்தேனா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

கல்யாணம் தை மாதம். உன் இடத்தில் நின்று நான் தாரை வார்க்கிறேன். கிராணிக்குச் சம்பந்தி மரியாதை குறையாது, ஆனால் அவருக்காக ஒரு கதையும் கட்ட மாட்டேன். தோட்டத்துச் சனம் மொத்தமும் வரும், மைக்கும் இருக்கும். அட்சதை போடுவதற்கு முன்னால் நான் பேசுவேன், எனக்குப் பேச்சு வராது என்று உனக்குத் தெரியும், ஆனாலும் பேசுவேன். அடுப்பு அணைந்த அன்றைக்கு என் மாப்பிள்ளை அங்கே இல்லை என்று சொல்வேன். கிராணியிடம் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்று ஆமாம் என்று சொல்கிறேன் என்றார்.

இப்படிக்கு,
உன் பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுக்கப்போகும்
உன் மச்சான் பெருமாள்