மதாம் மிதிக்காத தரை

இல்லை, மதாம் இன்னும் தானாக உள்ளே வரவில்லை. ஒன்பது நாளாகிறது. வேப்பமரத்தடியில் மழையில் நிற்கிறாள். நிறைசினைப் பசு.

கேட்பதற்கு நீ இல்லை. ஆனால் கொட்டகைக் கதவைத் திறக்கும்போதெல்லாம் நீ கேட்பது போலவே இருக்கிறது. திறந்ததும் பினாயில் வாசனை. நம் கொட்டகையில் சாணியும் வைக்கோலும்தான் மணக்கும். இப்போது ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி மணக்கிறது. காரணம் சொல்கிறேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும்.

உன் முதல் ஆண்டு நினைவு நாளுக்கு உன் அப்பா கொட்டகையில் டைல் போட்டுவிட்டார்.

வெள்ளை டைல். வீட்டுக் கூடத்தில் போடுவது, முகம் தெரியும். நான் ஒரு வாரம் ஊரில் இல்லை. தெருவில் கைவிடப்பட்ட மாடுகளுக்காக உழவர்கரையில் நாம் இருவரும் எடுத்த கொட்டகை. குளம்புக்குப் பிடிப்பு வேண்டும் என்று ஈர சிமெண்டில் நீயே துடைப்பக் குச்சியால் கோடு கிழித்த தரை. அதன் மேலேயே ஒட்டிவிட்டார். வாசலில் மட்டும் ஒரு கறுப்பு டைல். அதில் பொன்னெழுத்தில் உன் பெயர்.

பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். தெருவில் இன்றும் சொல்தா, அதாவது சிப்பாய், என்றுதான் பெயர். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. அதுதான் பிரச்சினை.

பெரிய மார்க்கெட்டின் பின்பக்கம் ஞாபகம் வருகிறது. கோஸ் தழை தின்ன வந்த மாடுகளை நகராட்சி ஆட்கள் பிடித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு செவலைப் பசு மட்டும் பலகையில் கால் வைக்கவில்லை. நாலு பேர் கத்தினார்கள். ஒருவன் வாலை முறுக்கினான். நீ மாட்டு டாக்டர் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அதன் பக்கத்தில் முட்டி போட்டாய்.

"இன்னாம்மா, நீயும் லாரில ஏறப் போறியா?" மூட்டை தூக்குகிறவர் ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

"இருங்கண்ணே. அது பாக்குறத நான் பாக்கணும்."

லாரியின் ஓரத்தில் ஒரு தார்ப்பாய்க் கிழிசல் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. மடித்துச் செருகினாய். கத்துகிறவர்களை வாயை மூடச் சொன்னாய். பசு ஏறிப் போனது. தேடி யாரும் வராததால் பிறகு நம்மிடமே வந்தது. துரைசாணி நடை நடக்கிறாள் என்று மதாம் எனப் பெயர் வைத்தாய்.

இன்னொன்று. என் சித்தி வீட்டுக் கிரகப்பிரவேசம். கிரானைட் தரையில் பசுவை இழுத்து வந்தார்கள். நடுக்கூடத்தில் நடுங்கிக்கொண்டே சாணி போட்டது. சித்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மகாலட்சுமியே எறங்கிட்டா!" நீ என் காதோரம் சொன்னாய்: "பயத்துல போடுதுடி. பரீட்ச அன்னைக்கு நமக்கு வயித்தக் கலக்கும்ல, அதான் இது." சிரிப்பை அடக்கமுடியாமல் வெளியே ஓடினேன். நீ சிரிக்கவில்லை. பசு வெளியே வரும்வரை அங்கேயே நின்றாய்.

ஒன்பது நாளுக்கு முன்னால் உன் அப்பா கொட்டகைக்கே கிரகப்பிரவேசம் வைத்தார்.

மாலை. சாம்பிராணி. அப்போதுதான் கழுவிய டைல். அதில் டியூப்லைட் மிதந்தது. முதலில் மதாம் போகவேண்டும். அவள் வாசலில் நின்றாள். தலையைத் தாழ்த்தி உன் பெயரை முகர்ந்தாள். உஸ்ஸென்று மூச்சு விட்டுப் பின்வாங்கினாள்.

"கொழுப்பும்மா அதுக்கு," என்றார் நம் முருகையன் அண்ணன். தீவனம் போடுகிற அவருக்கே அது பயம் என்று தோன்றவில்லை. "மதாம்னு பேரு வச்சா வேற எப்புடி இருக்கும்?" வாலைப் பிடித்து முறுக்கினார். இரண்டு பேர் கயிற்றை இழுத்தார்கள். முன்கால்கள் உள்ளே வந்தன. பின்கால்கள் வழுக்கி இரு பக்கமும் அகன்றன. வயிறு தரையில் மோதிய சத்தம். எப்படியோ எழுந்தாள். நடுங்கியபடி வெள்ளை டைலில் தண்ணீராகச் சாணி போட்டாள்.

எல்லாரும் கைதட்டினார்கள். உன் அப்பா அழுதார். "பாத்தியாம்மா. எம்பொண்ணு ஏத்துக்கினா."

என் கையை அவர் விடவில்லை.

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். நான் எதுவும் சொல்லவில்லை. ஐந்து வருடம் தத்துவம் படித்தவள். ஒரு சாணிக்கு அர்த்தம் சொல்ல வாய் வரவில்லை. நீ இருந்தால் அங்கேயே கத்தியிருப்பாய். மூன்று நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். கத்துகிற வேலை எனக்கு வந்தது. எனக்கு அது வராது என்று உனக்குத் தெரியும்.

மற்ற மூன்று மாடுகள் உள்ளே போகின்றன. கண்ணாடிமேல் நடப்பது போலக் காலை இறுக்கி வைத்து நடக்கின்றன. படுப்பதில்லை. இரவெல்லாம் நிற்கின்றன. சாக்கு விரித்தேன். டைலின்மேல் சாக்கே வழுக்கியது. மணல் கொட்டினேன். உன் அப்பா வந்து கழுவிவிட்டார். தினமும் இஸ்திரி போட்ட பேண்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு பினாயில் ஊற்றித் துடைக்கிறார். உனக்குச் செய்வதாக நினைத்துத் துடைக்கிறார். அவரிடம் என்ன சொல்வது?

நேற்று மதாமுக்கு மடி இறங்கியிருந்தது. கன்று போட இன்னும் ஓரிரு நாள்தான். இந்தத் தரையில் இன்னொரு முறை கால் அகன்று விழுந்தால் எழமாட்டாள். வெளியே என்றால் கன்று சேற்றில் விழும்.

வாசலில் முட்டி போட்டேன். அவள் கண் உயரத்துக்குத் தலையை இறக்கிப் பார்த்தேன். உள்ளே தரையே இல்லை, வெளிச்சம் மட்டும், தண்ணீர் போல. அதற்கு முன்னால் சதுரமாக ஒரு கறுப்புக் குழி. அதில் உன் பெயர்.

"இன்னாம்மா தேடுற?" பின்னால் உன் அப்பா, கையில் துடைப்பானோடு.

எழாமலே சொன்னேன். "அங்கிள், அன்னைக்கு மதாம் சாணி போட்டுச்சில்ல. அது பயத்துல."

"எந்த பயம்?"

"வழுக்கி விழுந்த பயம். ஏத்துக்கினதுலாம் இல்ல."

வாசல் டைலைப் பார்த்தார். "யாரு சொன்னா?"

"உங்க பொண்ணுதான். என் சித்தி வூட்ல."

துடைப்பானைச் சுவரில் சாய்த்தார். "அப்ப டைல பேத்துடணுமா?"

"பேத்துடணும்."

"அவ பேரு போட்டத மட்டும் உட்டுடும்மா."

"மதாம் மொதல்ல கால் வைக்கிற எடம் அதான் அங்கிள். அதுக்குக் குழி மாரி தெரியுது."

பேண்ட் மடிப்பை இறக்கிவிட்டுக்கொண்டார். துடைப்பானை எடுக்காமலே கிளம்பினார். ஸ்கூட்டர் சத்தம் தெருமுனைவரை கேட்டது.

உன் சட்டைகளும் புத்தகங்களும் அவரிடம் இருக்கின்றன. என்னிடம் இருப்பது இந்த முட்டி போடுகிற பழக்கம் ஒன்றுதான்.

இன்று காலை முருகையன் அண்ணனிடம் சுத்தியும் உளியும் கேட்டு வாங்கினேன். வாசலிலிருந்து ஆரம்பித்தேன்.