உரம் விழாத நான்கு வரிசை

கோலா தெர்லா,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள சுபத்ரா அப்பாவுக்கு,

விக்னேஸ்வரி எழுதுவது. நானும் பாப்பாவும் மாமாவும் சுகம். சிங்கப்பூரில் நீங்கள் வேளைக்குச் சாப்பிட்டு, கப்பல் பட்டறையில் கைகால் பத்திரமாக வேலை செய்துவர முருகன் துணை இருக்கட்டும். இந்தக் கடிதத்தை மூன்று வாரத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். போனில் சொல்லத்தான் நினைப்பேன். உங்கள் குரலைக் கேட்டதும் எல்லாம் நல்லா இருக்கு என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. காகிதத்தில் அப்படி மழுப்ப முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் பாப்பா. கீழே இரண்டு பல் வந்துவிட்டது. தானா ராத்தா கிளினிக்கில் எடை பார்த்தோம், போன மாதத்தைவிட முந்நூறு கிராம் கூட. போதும் என்கிறாள் நர்ஸ். எனக்குத்தான் போதவில்லை. உங்கள் படத்தைக் காட்டினால் சிரிக்கிறாள். யார் படத்தைக் காட்டினாலும் சிரிக்கிறாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குமுதாக்கா குடும்பம் ஈப்போவுக்குப் போய்விட்டது. இரண்டு பக்கத்து வீட்டிலும் இப்போது நேப்பாளப் பையன்கள். மரியாதையானவர்கள், பார்த்தால் தலையாட்டுவார்கள், அத்தோடு சரி. மாமா எவ்வளவு பேசுவார் என்று மகனான உங்களுக்கே தெரியும். சில நாள் பாப்பாவிடம் பேசியதைத் தவிர, சாயங்காலம் வரை என் குரல் எனக்கே கேட்டிருக்காது.

நிற்க. சோயா விஷயம்.

போன மாதம் நான் அனுப்பிய படத்தில் செடி இடுப்பளவு, கரும்பச்சையாக நின்றது. அதை விடுதியில் எல்லாருக்கும் காட்டியதாகச் சொன்னீர்கள். விளைந்துவிட்டால் அடுத்த இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் வந்துவிடுகிறேன் என்றீர்கள். அன்றைக்கே பூ உதிர ஆரம்பித்திருந்தது. நான் சொல்லவில்லை.

சீன முதலாளி தவுக்கே தன் காய்கறித் தோட்டத்தில், மலைச்சரிவில் ஒரு தட்டு நிலத்தையும் விதையையும் தந்தபோது, கூடவே ஒரு பொட்டலம் கறுப்புத் தூளும் தந்தார். அதில் விதையைப் புரட்டித்தான் ஊன்றினேன். தூளில் இருக்கும் நுண்ணுயிர் வேரில் முடிச்சுக் கட்டி, காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு ஊட்டும். உரமாக நைட்ரஜன் தாராளமாகக் கிடைத்துவிட்டால் வேர் அந்த முடிச்சைக் கட்டாது. கல்லூரிப் பரீட்சையில் இதை வரி பிசகாமல் எழுதியவள் நான். ஆனால் மூன்றாம் வாரம் நாற்றெல்லாம் வெளுத்தது. இந்தக் குளிரில் முடிச்சுப் பிடிக்க நாளாகும், பொறுக்க வேண்டும். பாப்பா ஒரு வேளை பால் குடிக்காவிட்டால் நான் என்ன ஆகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பொறுக்க முடியவில்லை.

மாமா முப்பது வருடம் தேயிலை மலையில் உரம் போட்டவர். "பசியில நிக்குதும்மா, பார்த்துக்கிட்டே இருக்கியே" என்றார். அந்த முழங்காலோடு யூரியா மூட்டையைத் தோளில் தூக்கி வந்தார். இரண்டு பேருமாகப் போட்டோம். பத்து நாளில் கறுத்து எழுந்தது. ஆசை விடவில்லை, இன்னும் இரண்டு தடவை போட்டோம். தேயிலைக்காரர்களுக்கு இலைதானே பயிர். போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். தர்மா கங்காணி மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "என்னா மாமா, துரை தோட்டத்துலகூட இப்படிப் பச்சை இல்லையே லா. ஆளு அனுப்பவா, கொழுந்து கிள்ளிடலாம்" என்றார். அத்தை போனபிறகு மாமா சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

போன புதன்கிழமை தவுக்கே வந்தார். பச்சையைப் பார்க்கவே இல்லை. குனிந்து இலையை விலக்கி, "டாவுன் பாஞாக். காச்சாங் மானா?" என்றார். இலை நிறைய இருக்கு, காய் எங்கே என்று. நானும் குனிந்து எண்ணினேன். செடிக்கு ஏழு காய், எட்டுக் காய். இலைக் கனம் தாங்காமல் பாதிச் செடி மழையில் சாய்ந்து கிடந்தது. ஒன்றைப் பிடுங்கினேன். வேர் கழுவி வைத்த மீ நூடுல்ஸ் மாதிரி வெள்ளையாக இருந்தது. ஒரு முடிச்சு இல்லை.

கால்வாய் ஓரம் நான்கு வரிசையில் மட்டும் உரம் விழவில்லை. முதல் தடவை போட்ட அன்று பாப்பாவுக்கு ஊசிக் காய்ச்சல். அழுகை கேட்டு, பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தேன். பிறகு அவை குட்டையாக, வெளுத்து நின்றதால், தேறாததுக்கு எதுக்கு உரம் என்று நாங்களே ஒதுக்கிவிட்டோம். உங்களுக்குப் படம் எடுக்கும்போதும் அவை விழாதபடி தள்ளி நின்றுதான் எடுத்தேன். தவுக்கே அங்கே ஒன்றைப் பிடுங்கினார். வேர் முழுக்க மிளகு மிளகாக முடிச்சு. நகத்தால் கிள்ளிக் காட்டினார், உள்ளே சிவப்பு, வேலை செய்கிற முடிச்சு. நாற்பது காய்க்குக் குறையாது.

அவர் கோபப்படவில்லை. மேல் தட்டையும் சேர்த்துத் தருகிறேன், மறுபடி சோயா போடு என்றார். ஆனால் கைக்குழந்தையோடு ஒற்றை ஆளாக உன்னால் ஆகாது, புருஷன் வருவானா மாட்டானா, மாதக் கடைசிக்குள் சொல்லிவிடு, இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்கிறேன் என்றார். பார்த்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து மாமா அந்தப் பக்கம் போகவில்லை. நேற்றுக் கஞ்சி வைத்தபோது, "போட்டுப் பழகின கையிம்மா. போடாம சும்மா இருக்கத் தெரியலை" என்றார். படித்தவள் நான்தானே மாமா என்றேன். நீங்கள் போன் செய்யும்போது அவரிடம் இதைப் பற்றிக் கேட்க வேண்டாம். வேறு ஏதாவது பேசுங்கள், போதும்.

அந்த நான்கு வரிசையை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. அடுத்த போகம் எப்படி வரும் என்று நான் சத்தியம் செய்யவும் முடியாது. நன்றாக இருக்கிறது என்று நான் சொன்ன எதையும் இனி நீங்கள் நம்பாவிட்டாலும் தப்பில்லை. அங்கே கையெழுத்துப் போட்டால் இரண்டு வருடம் நிச்சயம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

எங்கே இருந்தாலும் உங்களுக்கு ஒரு குறையும் வராமல் கடவுள் காப்பாற்றட்டும். விளைந்தால் வருகிறேன் என்றீர்கள். விளையவில்லை. இருந்தாலும் வாருங்கள்.

உங்கள்
விக்னேஸ்வரி